எந்த நாட்டுப் பசங்க நல்லா படிக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

சில வருஷத்துக்கு ஒரு தடவை நியூஸ்ல ஒரு லிஸ்ட் வரும். கணக்குல சிங்கப்பூர் முதலிடம், இந்த நாடு அஞ்சு இடம் கீழ போயிடுச்சு, அந்த நாடு திடீர்னு மேல வந்துடுச்சுன்னு. உடனே எல்லாரும் ரேங்க்கை வச்சு பேச ஆரம்பிச்சுடுவாங்க, மந்திரிகள் அறிக்கை விடுவாங்க. ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க, மொழி வேற, சிலபஸ் வேற, ஸ்கூல்ல சேர்ற வயசு வேற, பரீட்சை முறையே வேற, இப்படி 80 நாட்டுப் பசங்களை ஒரே அளவுகோல்ல எப்படி அளக்க முடியுது? கேள்வித்தாள் யார் போடுறாங்க, எந்தப் பசங்க எழுதுறாங்க, 500ன்னு ஒரு ஸ்கோர் வந்தா அது எதுல 500? இதெல்லாம் தெரியாம ரேங்க்கை மட்டும் பார்க்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்லைங்கிறது என்னோட உறுதியான கருத்து, அதனால அடியிலேர்ந்து பார்ப்போம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இங்க ரெண்டு வேற வேற வேலை நடக்குது. ஒண்ணு எண்ணிக்கை: எத்தனை பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க, எத்தனை டீச்சர், ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் எவ்வளவு செலவு பண்ணுது, எத்தனை பேர் காலேஜ் முடிக்கிறாங்க. இன்னொண்ணு பசங்க உண்மையிலேயே என்ன கத்துக்கிட்டாங்கன்னு டெஸ்ட் வச்சுப் பார்க்குறது. நியூஸ்ல வர்றது பெரும்பாலும் ரெண்டாவதுதான், ஆனா முதல் வேலை நடக்கலைன்னா ரெண்டாவதும் ஒழுங்கா நடக்காது.

எண்ணுறதுல என்ன கஷ்டம்னு தோணலாம். ஜெர்மனில பெரும்பாலான மாநிலங்கள்ல தொடக்கப் பள்ளி 4 வருஷம், ஜப்பான்ல 6 வருஷம், பின்லாந்துல 7 வயசுல ஆரம்பிச்சு 9 வருஷம் ஒரே ஸ்கூல்தான், தொடக்கம் நடுநிலைன்னு பிரிவே கிடையாது. இப்ப இந்த மூணு நாட்டுலயும் தொடக்கக் கல்விக்கு எவ்வளவு செலவாகுதுன்னு கேட்டா ஆளாளுக்கு வேற வேற வருஷங்களைக் கணக்குல எடுத்துக்கிட்டு பதில் சொல்வாங்க, அந்த நம்பர்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. இதுக்காகத்தான் யுனெஸ்கோ 1970கள்லயே ஒரு பொது வகைப்பாடு கொண்டு வந்துச்சு, ஐஎஸ்சிஇடின்னு அஞ்சு எழுத்துல சொல்வாங்க. 1997ல ஒரு தடவை திருத்தினாங்க, 2011ல மறுபடி திருத்தினாங்க. இப்ப இருக்குறது 0லேர்ந்து 8 வரைக்கும் நிலைகள். பள்ளிக்கு முன்னாடி படிக்கிறது 0, தொடக்கக் கல்வி 1, கீழ்நிலை மேல்நிலைன்னு ரெண்டு படி இடைநிலைக் கல்வி 2ம் 3ம், இளநிலைப் பட்டம் 6, பிஎச்டி 8. ஒவ்வொரு நாடும் தன்கிட்ட இருக்குற படிப்பையெல்லாம் இந்த நிலைகள்ல பொருத்திக் காட்டணும். பின்லாந்தோட ஒன்பது வருஷப் பள்ளியில முதல் 6 வருஷம் நிலை 1ல போகும், கடைசி 3 வருஷம் நிலை 2ல போகும். அந்த ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கோடு தெரியவே தெரியாது, ஆனா கணக்குல இருக்கு.

கேட்க ரொம்ப சலிப்பான வேலை மாதிரி இருக்கும், ஆனா இந்தத் துறையிலேயே எனக்கு ரொம்ப மரியாதை வர்ற வேலை இதுதான். ஏன்னா இதுல யாரும் யாரையும் ஜெயிக்கல, எல்லாரும் உட்கார்ந்து எதை எதோட ஒப்பிடலாம்னு ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். கனடாவுல மாண்ட்ரியல்ல இருக்குற யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம், பாரிஸ்ல இருக்குற ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு), ஐரோப்பிய யூனியனோட யூரோஸ்டாட், இந்த மூணும் சேர்ந்து ஒரே கேள்விப் படிவத்தை நாடுகளுக்கு அனுப்பி டேட்டா வாங்குறாங்க, இல்லைன்னா ஒரே அமைச்சகம் ஒரே விஷயத்தை மூணு விதமா மூணு பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு இருக்கணும். பணத்தையும் சும்மா டாலர் ரேட்ல மாத்த மாட்டாங்க, அந்தக் காசுக்கு அந்த நாட்டுல என்ன வாங்க முடியும்னு பார்த்து வாங்கும் திறன் கணக்குல மாத்துவாங்க. பார்ட் டைம் டீச்சர் ரெண்டு பேர் சேர்ந்து ஒரு முழு நேர டீச்சர் வேலை பார்த்தா அதை ஒண்ணுன்னு எண்ணுவாங்க. இப்படி ஒவ்வொண்ணுக்கும் விதி இருக்கு.

இந்த ஆசை புதுசு கிடையாது. 1817லயே பிரான்ஸ்ல மார்க் அந்துவான் ஜூலியன்னு ஒருத்தர், ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் ஒரே கேள்விப் பட்டியலை அனுப்பி பதில்களை அட்டவணையா போட்டு ஒப்பிடலாம்னு திட்டம் எழுதினார். 1925ல ஜெனீவாவுல சர்வதேசக் கல்வி அலுவலகம் ஆரம்பிச்சாங்க, அது பின்னாடி யுனெஸ்கோவோட சேர்ந்துச்சு. ஆனா அப்பெல்லாம் எத்தனை ஸ்கூல், எத்தனை வருஷம், என்ன சட்டம்ங்கிறதோட நின்னுடும். பிள்ளைக்கு என்ன தெரியும்ங்கிற கேள்விக்கு யாரும் போகல.

அந்தக் கேள்விக்குப் போனது 1958ல. ஜெர்மனில ஹாம்பர்க்ல இருந்த யுனெஸ்கோ கல்வி நிறுவனத்துல சில ஆராய்ச்சியாளர்கள் கூடினாங்க. உலகத்தையே ஒரு ஆய்வுக்கூடம் மாதிரி எடுத்துக்கிட்டா என்ன, ஒரே நாட்டுக்குள்ள எல்லா ஸ்கூலும் ஒரே மாதிரி இருக்கும்போது எது வேலை செய்யுது எது செய்யலைன்னு கண்டுபிடிக்க முடியாது, நாடுகளுக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்தை வச்சுக் கண்டுபிடிக்கலாமேன்னு யோசிச்சாங்க. சோதனையா 12 நாடுகள்ல 13 வயசுப் பசங்க சுமார் 10,000 பேர்கிட்ட டெஸ்ட் வச்சுப் பார்த்தாங்க. அதுலேர்ந்து வளர்ந்ததுதான் ஐஇஏங்கிற அமைப்பு. அவங்க 1964ல முதல் சர்வதேசக் கணித ஆய்வு நடத்தினாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அவங்க நோக்கம் யார் முதல்ங்கிறது இல்ல. எந்தப் பாடத்தை எந்த வயசுல எப்படிச் சொல்லிக் கொடுத்தா என்ன ஆகுதுங்கிறதுதான் கேள்வி. ரேங்க் லிஸ்ட் பின்னாடி ஒட்டிக்கிட்ட விஷயம், இன்னைக்கு அதுவே எல்லாத்தையும் மறைச்சுட்டு நிக்குதுங்கிறதுல எனக்கு வருத்தம் உண்டு.

இப்ப நடக்குற டெஸ்ட்கள்ல ரெண்டு குடும்பம் முக்கியம். ஐஇஏ நடத்துறது டிம்ஸ், 1995லேர்ந்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, நாலாவது எட்டாவது வகுப்புப் பசங்களுக்குக் கணக்கும் அறிவியலும். அதே அமைப்பு 2001லேர்ந்து பர்ல்ஸ்னு நாலாம் வகுப்புப் பசங்களோட வாசிப்பைப் பார்க்குது. ஓஇசிடி நடத்துறது பிசா, 2000ல ஆரம்பிச்சது, 15 வயசுப் பசங்களுக்கு வாசிப்பு, கணக்கு, அறிவியல். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடந்துட்டு இருந்துச்சு, கொரோனாவால 2021ல நடக்க வேண்டியது 2022க்குத் தள்ளிப் போச்சு, 2025க்கு அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. 2022ல 81 நாடுகளும் பகுதிகளும், கிட்டத்தட்ட 6,90,000 பசங்க எழுதினாங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு அடிப்படை வித்தியாசம். டிம்ஸ் வகுப்பை வச்சு ஆள் எடுக்குது, ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தது பிள்ளைக்கு ஏறியிருக்கான்னு பார்க்குது. பிசா வயசை வச்சு எடுக்குது, எந்த வகுப்புல இருந்தாலும் சரி, சிலபஸ்ல இருக்கோ இல்லையோ, படிச்சதை வாழ்க்கையில வர்ற ஒரு விஷயத்துக்கு உபயோகிக்கத் தெரியுதான்னு பார்க்குது. அதனால ஒரே நாடு ஒண்ணுல மேலயும் இன்னொண்ணுல கீழயும் வரலாம், ரஷ்யா டிம்ஸ்ல நல்லா வரும், பிசாவுல அந்த அளவுக்கு வராது. இதுல எது நிஜம்னு கேட்டா ரெண்டும் நிஜம்தான், கேள்வி வேற. வகுப்பை வச்சு எடுக்குறதுலயும் சிக்கல் இருக்கு. நார்வேயில 2015ல நாலு எட்டுக்குப் பதிலா அஞ்சு ஒன்பது வகுப்புப் பசங்களை முக்கிய சாம்பிளா மாத்தினாங்க, மத்த நாட்டுப் பசங்களோட வயசுக்கு அதுதான் சரியா பொருந்தும்ங்கிறதால. மாத்தினதும் ஸ்கோர் ஏறும்ல, அதை முன்னேற்றம்னு சொல்லிட முடியாது.

சரி, டெஸ்ட்டுக்குள்ள போவோம். பிசாவுல கேள்விகள் பல நாட்டு ஆட்கள்கிட்டேர்ந்து வரும். அப்புறம் இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் ரெண்டு மூலப் பிரதி தயார் பண்ணுவாங்க. ஒவ்வொரு நாட்டுலயும் ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்ப்பாங்க, மூணாவது ஆள் ரெண்டையும் சேர்த்துப் பார்த்து ஒண்ணாக்குவார், அதுக்கும் மேல வெளியிலேர்ந்து ஒருத்தர் சரிபார்ப்பார். ஏன் இவ்வளவுன்னா, ஒரு வார்த்தை மாறினாலே கேள்வி ஈஸியாவோ கஷ்டமாவோ ஆகிடும், பத்தியில இருக்குற அதே வார்த்தை கேள்வியிலயும் வந்தா பிள்ளை தேடிப் பிடிச்சுடும், வேற வார்த்தை போட்டா யோசிக்கணும். மெயின் டெஸ்ட்டுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஒரு ட்ரையல் வச்சு, எந்தக் கேள்வி எந்த நாட்டுல மட்டும் வித்தியாசமா நடந்துக்குதுன்னு பார்த்துத் தூக்கிடுவாங்க.

யார் எழுதுறாங்கங்கிறது அடுத்தது. எல்லாப் பசங்களும் எழுத மாட்டாங்க, ஒரு நாட்டுல குறைஞ்சது 150 ஸ்கூல், ஒவ்வொரு ஸ்கூல்லயும் சுமார் 40 பசங்க, ஆக பெரும்பாலான நாடுகள்ல 4,000லேர்ந்து 8,000 பேர். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கிற கணக்குதான், ஆனா அந்த ஒரு சோறை சமையல்காரரே பார்த்துப் பொறுக்கிக் கொடுக்கக் கூடாதுல்ல, அதனால எந்த ஸ்கூல், எந்தப் பிள்ளைங்கிறதை அந்த நாட்டு அமைச்சகமோ ஹெட்மாஸ்டரோ தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் முறையில ஒரு கட்டுப்பாட்டுக்குள்ள நடக்கும். தேர்வான ஸ்கூல்கள்ல 85 சதவீதம் பங்கெடுக்கணும், பசங்கள்ல 80 சதவீதம் பேர் எழுதணும், விலக்கு கொடுக்குறது 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு விதி.

இதுக்கு மேல ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. மொத்தக் கேள்வியையும் ஒரே பிள்ளை எழுதணும்னா பல மணி நேரம் ஆகும், ஆனா டெஸ்ட் ரெண்டு மணி நேரம்தான். அதனால கேள்விகளைப் பிரிச்சு பல தொகுப்பா போட்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுப்பாங்க, ஒரு தொகுப்புக்கும் இன்னொரு தொகுப்புக்கும் நடுவுல சில கேள்விகள் பொதுவா இருக்கும். அந்தப் பொதுக் கேள்விகளை வச்சு, எந்தக் கேள்வி எவ்வளவு கஷ்டம், எந்தப் பிள்ளை எந்த அளவுல இருக்குன்னு ரெண்டையும் ஒரே அளவுகோல்ல கணிப்பாங்க. ஒரு தனிப் பிள்ளைக்கு துல்லியமான மார்க் இதுல கிடைக்காது, அதனால ஒவ்வொருத்தருக்கும் இருக்க வாய்ப்புள்ள மதிப்புகளா பத்து நம்பர் எடுத்து வச்சுப்பாங்க. என் பொண்ணுக்கு பிசாவுல எவ்வளவுன்னு யாரும் கேட்கவே முடியாது, அப்படி ஒரு மார்க்கே இல்ல. இது நாட்டை அளக்க செஞ்சது, பிள்ளையை அளக்க செஞ்சது இல்ல.

இப்ப 500 என்னன்னு வருவோம். இது எதுலயும் 500 இல்ல, ஆயிரத்துக்கு 500ன்னு நினைச்சுடாதீங்க. ஆரம்பத்துல பங்கெடுத்த ஓஇசிடி நாடுகளோட சராசரியை 500ன்னும், பசங்க அந்த சராசரியிலேர்ந்து எவ்வளவு பரவி இருக்காங்கங்கிற அளவை 100ன்னும் வச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அப்புறம் வர்ற ஒவ்வொரு சுத்துலயும் பழைய கேள்விகள் சிலதை வெளியில விடாம பத்திரமா வச்சிருந்து மறுபடி கேட்டு, அந்தப் பழைய அளவுகோலோட இணைப்பாங்க. அதனாலதான் 2022ல கணக்குல ஓஇசிடி சராசரி 472ன்னு சொல்ல முடியுது, 2018ஐ விட கிட்டத்தட்ட 15 பாயிண்ட் கம்மின்னு சொல்ல முடியுது. சிங்கப்பூர் அதுல 575.

ஸ்கோர் வந்ததும் பக்கத்துல ஒரு பிழை அளவும் வரும், சாம்பிள் எடுத்து அளக்குறதால இது தவிர்க்க முடியாதது. ரெண்டு மூணு பாயிண்ட் வித்தியாசத்துல நிக்கிற நாடுகளுக்கு நடுவுல உண்மையிலேயே வித்தியாசம் இருக்கான்னே சொல்ல முடியாது. ஓஇசிடி தன்னோட ரிப்போர்ட்லயே இந்த நாடு இந்த இடத்துலேர்ந்து இந்த இடத்துக்குள்ள எங்க வேணா இருக்கலாம்னு ஒரு வீச்சாதான் போடும். பத்திரிகையில வரும்போது அந்த வீச்சு காணாம போய், 24வது இடம்னு ஒத்தை நம்பர் மட்டும் நிக்கும். அதை வச்சு ஒரு நாட்டு டீச்சர்களையே குறை சொல்றதைப் பார்க்கும்போது மனசு ஆறல.

ரேங்க்கை விட முக்கியமா நான் பார்க்குறது யார் கணக்குல வந்தாங்க, யார் வரலைங்கிறதைத்தான். பிசாவுல வர்றது 15 வயசாகி, ஸ்கூல்ல இருந்து, ஏழாம் வகுப்போ அதுக்கு மேலயோ படிக்கிற பசங்க மட்டும். ஸ்கூலை விட்டு நின்னுட்டா நீங்க அந்த அளவுகோல்ல இல்லவே இல்ல. 2015ல வியட்நாம் அறிவியல்ல பணக்கார நாடுகளோட சரிசமமா நின்னுச்சு, எல்லாரும் பாராட்டினாங்க, பாராட்டவும் வேண்டியதுதான், ஆனா அந்த நாட்டு 15 வயசுப் பசங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேரைத்தான் அந்த சாம்பிள் பிரதிநிதித்துவம் பண்ணுச்சு. சீனாவைப் பத்தி 2018ல வந்தது பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் நாலு பகுதிகளோட ரிசல்ட், முழு நாட்டோடது இல்ல. ஸ்வீடன்ல அதே வருஷம் விலக்கு கொடுத்த பசங்க 5 சதவீத வரம்பைத் தாண்டி 11 சதவீதம் வரைக்கும் போயிட்டாங்க, அதுல புதுசா குடியேறின குடும்பத்துப் பசங்க நிறைய இருந்தாங்க, நாட்டுக்குள்ளயே பெரிய விவாதம் ஆச்சு. 2015ல அர்ஜென்டினாவோட ஸ்கூல் பட்டியலே முழுசா இல்லைன்னு அந்த நாட்டோட ரிசல்ட்டை ஒப்பிட முடியாதுன்னு தனியா வச்சாங்க, பியூனஸ் அயர்ஸ் நகரத்தோடது மட்டும் லிஸ்ட்ல வந்துச்சு.

நடத்துறதுலயும் தப்பு நடக்கும். 2006ல அமெரிக்காவுல கேள்விப் புத்தகத்தை அச்சடிக்கும்போது பக்கம் மாறிப் போச்சு, எதிர்ப் பக்கத்துல பாருன்னு சொன்ன இடத்துல அந்தப் பத்தி இல்ல. அந்த வருஷம் அமெரிக்காவோட வாசிப்பு ரிசல்ட்டே வெளியிடல. 2018ல ஸ்பெயின்ல கணிசமான பசங்க வாசிப்புப் பகுதியோட ஒரு பிரிவை யோசிக்கவே நேரம் இல்லாத வேகத்துல தட்டிட்டுப் போயிருந்தாங்க, அதனால அந்த நாட்டோட வாசிப்பு ரிசல்ட்டை மத்தவங்களோட சேர்த்து வெளியிடாம நிறுத்தி வச்சு, அடுத்த வருஷம்தான் எச்சரிக்கையோட வெளியிட்டாங்க. என் பார்வையில இதெல்லாம் இந்த ஏற்பாட்டோட பலம், தப்பை வெளியில சொல்லி நம்பரை நிறுத்தி வைக்கிற ஒழுங்கு இருக்குறதாலதான் மத்த நம்பர்களை நம்ப முடியுது.

ஒப்பீடு ஒரு நாட்டுக்கு என்ன செய்யும்ங்கிறதுக்கு ஜெர்மனியைத்தான் சொல்லணும். 2001 டிசம்பர்ல முதல் பிசா ரிசல்ட் வந்தப்ப, தங்களோட ஸ்கூல்கள் உலகத் தரம்னு நினைச்சுட்டு இருந்தவங்க வாசிப்புல 484ன்னு சராசரிக்குக் கீழ இருந்தாங்க. அதை விட வலிச்சது இன்னொரு தகவல், பிள்ளையோட மார்க் அவங்க குடும்ப வசதியோட எவ்வளவு இறுக்கமா பிணைஞ்சிருக்குன்னு பார்த்தா ஜெர்மனி ரொம்ப மோசமான இடத்துல இருந்துச்சு. பத்து வயசுலயே பசங்களை வேற வேற ஸ்கூலுக்குப் பிரிச்சு அனுப்புற முறை அங்க உண்டு, யார் வீட்டுப் பிள்ளை எங்க போகுதுங்கிறது அப்பட்டமா தெரிஞ்சுச்சு. பிசா அதிர்ச்சின்னே அதுக்குப் பேர் வச்சாங்க. மாநிலங்கள் சேர்ந்து பொதுக் கல்வித் தரங்கள் கொண்டு வந்தாங்க, முழு நாள் ஸ்கூல்களுக்குப் பணம் ஒதுக்கினாங்க, நாட்டுக்குள்ளயே தொடர்ந்து அளக்க 2004ல பெர்லின்ல ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. கவனிச்சீங்களா, வேலை செஞ்சது ரேங்க் இல்ல, அந்த ரேங்க்குக்கு உள்ள இருந்த பிரிவினை.

எதிர்ப்பும் நியாயமாவே இருக்கு. 2014ல பல நாட்டுக் கல்வியாளர்கள் சேர்ந்து ஓஇசிடிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. சில வருஷத்துக்கு ஒரு தடவை ரேங்க் வர்றதால அரசாங்கங்கள் உடனே ஸ்கோர் ஏத்துற வழியைத் தேடுது, ஆனா கல்வியில ஒரு மாற்றம் பலன் கொடுக்க பத்து வருஷத்துக்கு மேல ஆகும், அளக்க முடியாத கலை, ஒழுக்கம், குடிமை இதெல்லாம் ஓரத்துக்குப் போகுது, பொருளாதார அமைப்பு ஒண்ணு கல்வியோட நோக்கத்தைத் தீர்மானிக்குதுன்னு அவங்க வாதம். இதுல பெரும்பகுதி சரின்னு நினைக்கிறேன். ஆனா அளக்குறதையே நிறுத்தணும்ங்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அளக்கலைன்னா முதல்ல மறைஞ்சு போறது வசதி இல்லாத வீட்டுப் பசங்களோட நிலைமைதான்.

பணக்கார நாடுகளுக்கு வெளியில இந்த வேலை வேற மாதிரி போகுது. தெற்கு கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து சாக்மெக், பிரெஞ்சு பேசுற ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து பாசெக், லத்தீன் அமெரிக்காவுல யுனெஸ்கோ வழியா எல்எல்இசிஇன்னு அவங்கவங்க சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி சொந்த டெஸ்ட்கள் வச்சிருக்காங்க. 2015ல ஐநா வளர்ச்சி இலக்குகள்ல நாலாவது இலக்கா கல்வி வந்தப்ப, வாசிப்புலயும் கணக்குலயும் குறைஞ்சபட்சத் திறன் எத்தனை சதவீதப் பசங்களுக்கு இருக்குன்னு எல்லா நாடும் சொல்லணும்னு ஆச்சு. ஆனா ஒவ்வொருத்தர் டெஸ்ட்டும் வேற, குறைஞ்சபட்சம்னா என்னன்னு யார் சொல்றது? அதனால ஒரே பசங்களை பாசெக்கையும் ஐஇஏ டெஸ்ட்டையும் சேர்த்து எழுத வச்சு, இதுல இந்த மார்க்னா அதுல எவ்வளவுன்னு ஒரு மாற்று அட்டவணை தயார் பண்ற வேலையை யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனமும் ஐஇஏவும் சேர்ந்து செஞ்சாங்க, லத்தீன் அமெரிக்க டெஸ்ட்டுக்கும் இதே மாதிரி செஞ்சாங்க. யாரும் தன்னோட டெஸ்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனா பேசிக்கலாம்.

ஸ்கூல்லயே இல்லாத பசங்களுக்கும் ஒரு முயற்சி நடந்திருக்கு. வளரும் நாடுகளுக்குன்னு ஓஇசிடி ஒரு தனி பிசா செஞ்சப்ப, ஹோண்டுராஸ், குவாதமாலா, பராகுவே, செனகல் மாதிரி நாடுகள்ல 14லேர்ந்து 16 வயசுல படிப்பை நிறுத்தினவங்களையும் வகுப்புல ரொம்பப் பின்தங்கினவங்களையும் அவங்க வீடு தேடிப் போய், டேப்லெட்ல டெஸ்ட் கொடுத்தாங்க. வீடு வீடா போகணும், செலவு அதிகம், ஆள் கிடைக்குறது கஷ்டம், பெரிய டெஸ்ட்கள்ல இது இன்னும் வழக்கமாகல. அடுத்த தடவை ஒரு ரிசல்ட் வரும்போது ரிப்போர்ட்டோட பின்னிணைப்புல கவரேஜ்னு ஒரு அட்டவணை இருக்கும், ஓஇசிடி தளத்துல இலவசமாவே கிடைக்கும், அதுல ஒவ்வொரு நாட்டுப் பேருக்கு எதிர்லயும் 15 வயசுப் பசங்கள்ல எத்தனை பங்கு இந்தக் கணக்குக்குள்ள வந்தாங்கன்னு போட்டிருப்பாங்க. முதல்ல அதைப் பார்த்துட்டு அப்புறம் ரேங்க்குக்கு வாங்க.